புதிதாக இனிப்பு, சாக்லேட் விற்க வருகிறவர்களுக்கு: கடலூர், புதுச்சேரி பக்கம் விளம்பரம் செய்யும் வழி

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு அம்மா எங்கள் கடைக்கு வந்தார். திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலையில் துணி எடுத்துவிட்டு, இரண்டு கையிலும் பையோடு நேராக வந்திருந்தார். முந்திரி கேக்கில் ஒரு துண்டு வெட்டி நீட்டினேன். அதை வாயில் போடாமல் காகிதத்தோடு ஓரமாக வைத்துவிட்டு, "பொண்ணு குடுத்த வூட்டுக்குக் குடுக்கணும். பாக்க நல்லா இருக்குற மாதிரி பெட்டி இருக்கா? நாலு நாள் தாங்குமா?" என்று கேட்டார். ருசியைப் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை. அரைக் கிலோப் பெட்டி மூன்று வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுச் சமையலறையில் சாக்லேட் அச்சு இரண்டை வைத்துத் தொடங்கி, இன்று சின்னதாக ஒரு கடை வரை வந்திருக்கிறேன். இத்தனை ஆண்டில் நான் கற்றுக்கொண்டதில் பெரியது அந்த அம்மா கேட்ட கேள்வியில் இருக்கிறது. இனிப்பை வாங்குகிறவர் ஒருவர், சாப்பிடுகிறவர் பெரும்பாலும் வேறொருவர். உங்கள் விளம்பரம் பேச வேண்டியது வாங்கிக் கொடுக்கிறவரிடம். கொடுக்கும்போது அவருக்கு மரியாதை கூடுமா, குறையுமா என்பதுதான் அவருடைய கவலை. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

முதல் படி: யார், யாருக்கு, எப்போது கொடுக்கிறார்கள்?

ஒரு நோட்டை எடுத்து, உங்கள் ஊரில் இனிப்பு கை மாறும் சந்தர்ப்பங்களை எல்லாம் எழுதுங்கள். கடலூரில் இருந்தால் முதலில் வருவது கல்யாணம். திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் பெரிய முகூர்த்த நாள் என்றால் ஒரே காலையில் நூற்றுக்கும் மேற்பட்ட தாலி ஏறும். அந்த ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தாம்பூலப் பை உண்டு, சீர்வரிசைத் தட்டு உண்டு. அப்புறம் மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, பள்ளிப் பிள்ளைகளின் பிறந்த நாள், ஆபீசில் தீபாவளிக்குக் கொடுக்கும் பெட்டி, புது வண்டி எடுத்தால் தெருவுக்குக் கொடுக்கும் லட்டு.

புதுச்சேரிக்குப் போனால் கணக்கு மாறுகிறது. இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் தூரம், ஆனால் வாங்குகிற ஆள் வேறு. சனி, ஞாயிறில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர், திங்கள்கிழமை ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கொடுக்க ஏதாவது தேடுகிறார். அவருக்குக் கிலோக் கணக்கு வேண்டாம். பைக்குள் அடங்கும் சின்னப் பெட்டியும், 'பாண்டியிலிருந்து வாங்கி வந்தேன்' என்று சொல்ல ஒரு அடையாளமும் போதும். கடலூரில் ஓடுகிற விளம்பரத்தை அப்படியே அங்கே ஒட்டினால் எடுபடாது. நான் ஒட்டிப் பார்த்திருக்கிறேன்.

பெரிய கம்பெனிகளும் இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளம்பின. ஒரு காலத்தில் நம் நாட்டில் சாக்லேட் என்றால் பிள்ளைகள் தின்பது, பெரியவர்கள் வாங்கிக் கொடுப்பது, அவ்வளவுதான். 1994இல் கேட்பரி ஒரு விளம்பரம் எடுத்தது. கிரிக்கெட் மைதானத்தில் காதலன் சிக்ஸர் அடிக்க, காவலுக்கு நிற்கிறவரை ஏமாற்றிவிட்டு ஒரு பெண் உள்ளே ஓடி ஆடுவாள், கையில் டெய்ரி மில்க். ஓகில்வி விளம்பர நிறுவனத்தில் பியூஷ் பாண்டேயின் குழு எடுத்தது அது. வளர்ந்தவர்களும் தெருவில் வைத்துச் சாக்லேட் தின்னலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அது சொன்னது. 2021இல் அதையே மாற்றி எடுத்தார்கள். பெண் மட்டையால் அடிக்கிறாள், ஆண் ஓடி வந்து ஆடுகிறான்.

அதற்கு அடுத்த காலடி நம் தொழிலுக்கே நெருக்கமானது. 'ஸ்வீட் எடு, கொண்டாடு' என்று தமிழில் வந்ததே, அது லட்டுக்கும் மைசூர்பாகுக்கும் உரிய இடத்தில் சாக்லேட்டை உட்கார வைத்த வரி. ருசியைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. எந்த நேரத்தில் எடுக்க வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது. ஜப்பானில் இதைவிட ஒரு படி மேலே போனார்கள். அங்கே பிப்ரவரி 14இல் பெண்கள் ஆண்களுக்குச் சாக்லேட் கொடுப்பது வழக்கமாகியிருந்தது. வாங்கிக்கொண்டவர்கள் மார்ச் 14இல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு நாளையே மிட்டாய்க்காரர்கள் 1980 வாக்கில் நிலைநிறுத்திவிட்டார்கள். நமக்கு அப்படி ஒரு நாளைப் புதிதாக உண்டாக்க வேண்டிய தேவையே இல்லை. வாங்கியதைத் திருப்பிச் செய்யும் வழக்கம் மொய் நோட்டிலேயே இருக்கிறது. அதில் உங்கள் பெட்டி எங்கே நுழையும் என்று பார்த்தால் போதும்.

இரண்டாம் படி: லேபிளை ஒழுங்காக எழுதுங்கள்

விளம்பரம் என்றதும் எல்லோரும் பேனருக்கும் ரீல்ஸுக்கும் ஓடுகிறார்கள். முதல் விளம்பரம் பெட்டியின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். அதன் 14 இலக்க எண்ணைப் பெட்டியில் அச்சிட வேண்டும். சைவப் பொருள் என்றால் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், என்னென்ன சேர்த்தீர்கள் என்ற பட்டியல், நிகர எடை, விலை, தயாரித்த நாள், எந்த நாளுக்குள் சாப்பிட வேண்டும், உங்கள் முகவரி, புகார் சொல்ல ஒரு எண். இவ்வளவும் சட்டம் கேட்பது. சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்கிறவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தால் மனது ஆறுகிறார்.

2020 அக்டோபர் 1 முதல், தட்டில் வைத்து நிறுத்து விற்கும் இனிப்புக்கும் எந்த நாள் வரை நன்றாக இருக்கும் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும். பல கடைகளில் இதைத் தொந்தரவாக நினைத்து, கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒட்டுகிறார்கள். நான் ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் சின்னச் சிலேட்டு வைத்தேன். 'பால்கோவா, இன்று காலை செய்தது, நாளை மாலை வரை' என்று சாக்பீஸில் பெரிதாக எழுதினேன். ஒரே வாரத்தில் ஆட்கள் சிலேட்டைப் படித்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். நாளை வரைதான் தாங்கும் என்று நாமே சொல்வதால் விற்பனை குறையும் என்று என் தங்கை பயந்தாள். குறையவில்லை. ஊருக்கு எடுத்துப் போகிறவர்கள் பால்கோவாவை விட்டுவிட்டு மைசூர்பாகு கேட்டார்கள், அவ்வளவுதான்.

எடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அட்டைப் பெட்டியோடு சேர்த்து நிறுத்து, அட்டைக்கும் இனிப்பு விலை வாங்குவது பல இடத்தில் நடக்கிறது. வாங்குகிறவருக்கும் தெரியும், கேட்கக் கூச்சப்படுவார். அதனால் தராசுக்கு மேலே 'பெட்டி எடை கழித்துத்தான் நிறுப்போம்' என்று எழுதி, காலிப் பெட்டியை முதலில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிக் காட்டுகிறேன். பெரியவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். நான் காசு செலவழித்துச் செய்த எந்த விளம்பரமும் இதற்கு ஈடாகவில்லை.

மூன்றாம் படி: ஒரே ஒரு வரி

உங்கள் பொருளைப் பற்றி ஒரு வரி வேண்டும். அது பெட்டியிலும், நோட்டீஸிலும், போனில் நீங்கள் பேசுவதிலும் மாறாமல் வர வேண்டும். நல்ல வரி ஒன்றை மட்டும் சொல்லும், அதைச் சோதித்துப் பார்க்கவும் முடியும்.

டெய்ரி மில்க் 1928இல் பிடித்த வரி, அரை பவுண்டு சாக்லேட்டுக்கு ஒன்றரை கிளாஸ் பால் என்பது. அந்தக் கிளாஸ் படத்தை எத்தனை தலைமுறை பார்த்துவிட்டது! 1954இல் எம் அண்ட் எம்ஸ் 'வாயில் கரையும், கையில் கரையாது' என்றது. மேலே சர்க்கரை ஓடு பூசிய மிட்டாய் அது. சொன்னது உண்மை என்று கையில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். நம் கடலூர் மாவட்டத்துக் கதை இன்னும் சுவையானது. நெல்லிக்குப்பத்தில் ஆலை வைத்து மிட்டாய் செய்துவந்த பாரி நிறுவனத்தின் காஃபி பைட் நினைவிருக்கிறதா? இது காபியா, டாஃபியா என்று இரண்டு பேர் வாதாடிக்கொண்டே இருப்பார்கள், முடிவே வராது. வாங்கித் தின்று பார்த்து நாமும் அந்த வாதத்தில் சேர்ந்துகொள்வோம். அந்த மிட்டாய்த் தொழிலை 2004இல் கொரியாவின் லோட்டே வாங்கியது. ஆனாலும் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்றும் அதைப் 'பாரி மிட்டாய்' என்றுதான் கேட்பார்.

உங்கள் வரியை எழுதும்போது 'சுவையோ சுவை', 'தரமே எங்கள் தாரகமந்திரம்' வகையை விட்டுவிடுங்கள். எல்லாக் கடையிலும் அது இருக்கிறது, அதனால் எவர் காதிலும் விழுவதில்லை. பண்ருட்டியில் முந்திரி வாங்கி நீங்களே வறுக்கிறீர்கள் என்றால் 'பண்ருட்டி முந்திரி, எங்கள் அடுப்பில் வறுத்தது' என்று சொல்லுங்கள். வேறு ஊர் முந்திரி வாங்கினால் பண்ருட்டிப் பெயரை எடுக்காதீர்கள். நெய் இனிப்பு என்று எழுதினால் நெய் மட்டும்தான் இருக்க வேண்டும். பாதி டால்டா ஊற்றிவிட்டு எழுதுவது ஏமாற்று.

சாக்லேட்டுக்கு இன்னொரு நேர்மை தேவைப்படுகிறது. வீட்டில் செய்கிறவர்கள் பெரும்பாலும் உருக்குவது காம்பவுண்டு கட்டி. அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவர எண்ணெய்க் கொழுப்பு இருக்கும். வேலை எளிது, பதமாகச் சூடேற்றி ஆறவைக்கும் வித்தை தேவையில்லை, வெயிலையும் கொஞ்சம் தாங்கும். அதில் தவறில்லை, நானும் அதில்தான் தொடங்கினேன். ஆனால் அதை விற்றுக்கொண்டு 'அசல் பெல்ஜியம் சாக்லேட்' என்று போடக் கூடாது. ஆரோவில்லில் 2014இல் தொடங்கிய மேசன் அண்ட் கோ மாதிரி, கொக்கோ விதையை வாங்கி வறுத்து அரைத்து முழுச் சாக்லேட்டையும் தாங்களே செய்கிறவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். விதை எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்பதையே அவர்கள் விளம்பரமாகச் சொல்ல முடியும், அதற்கான விலையும் வாங்க முடியும். நாம் சொல்லக்கூடியது வேறு. 'பெயர் எழுதித் தருவோம்', 'நூறு பேருக்கு ஒரே நாளில்', 'முட்டை சேர்க்காதது'. இதில் எது உங்களுக்கு உண்மையோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கண்ணுக்கு முன்னால் வைப்பது

நிறம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு அதை விடாதீர்கள். ஊதா என்றால் எந்தச் சாக்லேட் என்று எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கும் தெரியும். அது நூறாண்டுப் பிடிவாதம். நீங்கள் அதே ஊதாவைப் போட்டால் நீங்கள் அவர்களுக்கு விளம்பரம் செய்கிறீர்கள் என்று அர்த்தம். அதனால் வேறு நிறம் தேடுங்கள். நான் எங்கள் வீட்டுச் சிவப்புக் கல் தரையின் நிறத்தை எடுத்தேன்.

படம் எடுப்பதற்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. காலை எட்டு மணிக்குள் ஜன்னல் ஓரம், பின்னால் வெறும் சுவர். முழுதாக வைத்து எடுக்காமல் ஒன்றை உடைத்து உள்ளே இருப்பதைக் காட்டுங்கள். ஜாங்கிரி என்றால் பாகு சொட்டும் நொடி. பக்கத்தில் ஒரு கை இருக்கட்டும், அப்போதுதான் அளவு தெரியும். இணையத்திலிருந்து எடுத்த படத்தைப் போட்டீர்கள் என்றால், பெட்டியைத் திறந்த அன்றே அந்த வாடிக்கையாளர் போய்விட்டார்.

வெயிலை மறக்காதீர்கள். கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். மே மாதம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நடந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட எண் என்று தெரியும். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் நான் சாக்லேட் விளம்பரத்தைக் குறைத்து, முந்திரி கேக், மைசூர்பாகு, கடலைமிட்டாய்ப் பக்கம் போய்விடுவேன்.

ஐந்தாம் படி: மூக்கும் நாக்கும்

என் அனுபவத்தில் புதியவர்கள் குறைவாகச் செய்வதும், அதிகப் பலன் தருவதும் இதுதான். பழைய ஸ்வீட் ஸ்டால்களைக் கவனித்திருக்கிறீர்களா? அடுப்பு வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும். சாயங்காலம் ஆபீஸ் விடும் நேரத்துக்குத்தான் ஜாங்கிரி பிழிவார்கள், அல்வா கிண்டுவார்கள். காலையிலேயே செய்து வைத்திருக்க முடியாதா? முடியும். ஆனால் நெய் மணம் தெருவில் போகும் நேரத்தில் தெருவில் ஆள் இருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகிறவரை அந்த மணம்தான் திருப்புகிறது. உங்களிடம் வாசல் அடுப்புக்கு இடமில்லை என்றாலும், முந்திரி வறுப்பதையாவது மாலை ஐந்து மணிக்கு மாற்றுங்கள்.

சாம்பிள் கொடுப்பதற்குக் கணக்குப் போடத் தெரிய வேண்டும். ஒரு கிலோவைப் பத்துப் பத்து கிராமாக வெட்டினால் நூறு துண்டு. செய்ய உங்களுக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் ஆகிறது என்றால், ஒரு ஆளுக்கு 5 ரூபாய். ஒரு பிட் நோட்டீஸைவிட விலை அதிகம்தான். ஆனால் நோட்டீஸைக் கசக்கிப் போடுகிறவர் இனிப்பைக் கசக்கிப் போடுவதில்லை.

கொடுக்கும் முறையில் மரியாதை இருக்க வேண்டும். கையால் எடுத்துக் கொடுக்காதீர்கள், இடுக்கியால் எடுத்துச் சின்னக் காகிதத்தில் வையுங்கள். 'வாங்கினால்தான் சாம்பிள்' என்ற முகத்தோடு கொடுக்காதீர்கள். அவர் சாப்பிடும்போது முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்காமல் வேறு வேலை பாருங்கள். கூட்டமாக வருகிற குடும்பத்தில் முதலில் வயதானவருக்குக் கொடுங்கள். அவர் தலையாட்டினால் மீதி எல்லாம் தானாக நடக்கும்.

எங்கே கொடுப்பது? புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் முயன்று பார்த்தேன். கூட்டம் ஏராளம், ஆனால் துணியும் செருப்பும் பேரம் பேசி வாங்க வந்த கூட்டம். இனிப்பைச் சாப்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். கல்யாண மண்டப மேனேஜர், பந்தல்காரர், சமையல்காரர், புகைப்படக்காரர் ஆகிய நாலு பேருக்கு ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி கொடுத்தேன் பாருங்கள், அதுதான் வேலை செய்தது. பெண் வீட்டார் முதலில் யோசனை கேட்பது அவர்களிடம்தான்.

ஆறாம் படி: நோட்டீஸ், போன், காலண்டர்

முதல் வருடம் 2,000 பிட் நோட்டீஸ் அடித்து, ஒரு ஞாயிறு காலை செய்தித்தாளுக்குள் வைத்து மஞ்சக்குப்பம் பக்கம் போட ஏற்பாடு செய்தேன். ஐந்து போன் வந்தது. அதில் ஒன்று, தனக்கும் நோட்டீஸ் அடிக்கும் வேலை தருவீர்களா என்று கேட்ட அச்சகக்காரர். அன்றைக்கு அழுகையாக வந்தது. பிறகு அந்த நோட்டீஸை ஒரு புதிய ஆளாக எடுத்துப் படித்தேன். கடையின் பெயர் பெரிதாக இருந்தது, இருபத்தெட்டு இனிப்பின் பெயர் இருந்தது. யாருக்கு, எதற்கு, எந்தத் தேதிக்குள் என்று ஒன்றும் இல்லை.

அடுத்த முறை 300 மட்டும் அடித்தேன். 'ஐப்பசி, தை முகூர்த்தம் வைத்திருக்கிறீர்களா? தாம்பூலப் பைக்குள் வைக்கப் பெயர் எழுதிய சாக்லேட். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்பு சொன்னால் போதும்' என்று மூன்றே வரி. அதைக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்திலும், பட்டுப் புடவைக் கடையிலும் கேட்டுக்கொண்டு வைத்தேன். நோட்டீஸோடு ஒரு சாக்லேட்டையும் ஒட்டினேன். அந்த 300இல் வந்த ஆர்டர்கள்தான் என்னைக் கடை எடுக்க வைத்தன.

வாட்ஸ்அப்பில் குரூப் ஆரம்பித்து ஊரையே சேர்க்காதீர்கள். கேட்காமல் சேர்த்தால் கோபம்தான் வரும். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் போதும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்குத்தான் செய்தி போகும். அதனால் பில் போடும்போதே "எங்க நம்பர சேவ் பண்ணிக்கோங்க அக்கா, தீபாவளி விலை அனுப்புறேன்" என்று கேட்டுவிடுங்கள். மாதத்துக்கு இரண்டு செய்திக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஒரு கடைசித் தேதி இருக்கட்டும். அந்தத் தேதியை நீட்டவும் செய்யாதீர்கள். ஒருமுறை நீட்டினால் அடுத்த வருடம் யாரும் நம்ப மாட்டார்கள்.

தினசரிக் காலண்டர் இன்னும் சாகாத விளம்பரம். ராகு காலம் பார்க்க வருடம் முழுக்க உங்கள் பெயரைப் பார்ப்பார்கள். ஆனால் அது இரண்டாம் மூன்றாம் வருடத்துச் செலவு, தொடக்கத்தில் வேண்டாம். பேனரை நான் சிபாரிசு செய்வதில்லை. அனுமதி இல்லாமல் தெருவில் கட்டுவது சட்டப்படி குற்றம், ஆளுக்கும் ஆபத்து.

ரீல்ஸ் எடுக்கிற தம்பி தங்கைகள் புதுச்சேரியில் நிறையப் பேர். பணமோ பொருளோ கொடுத்துப் பேச வைத்தால், அது விளம்பரம் என்று பதிவிலேயே தெரியும்படி போடச் சொல்லுங்கள். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் இதற்கென்றே நெறிமுறை கொண்டுவந்தது.

ஊரே பேசும் வேலை வேண்டும் என்றால் மிஷன் வீதியில் இருக்கும் சாக்லேட் கடையைப் பாருங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு சமயத்தில் சாக்லேட்டிலேயே ஆள் உயரச் சிலை வைக்கிறார்கள். 2019இல் விமானி அபிநந்தன், 2020இல் எஸ்.பி. பாலசுப்ரமணியம். முந்நூறு கிலோவைத் தாண்டிய சிலைகள். பாலு சார் மறைந்த வருடம் அது. அந்தச் சிலைக்கு முன்னால் நின்றவர்கள் சாக்லேட் பார்க்க வந்தவர்களாக எனக்குத் தோன்றவில்லை, அவரைப் பார்க்க வந்தவர்கள். பத்திரிகைகள் தாமாக எழுதின. நம்மால் முந்நூறு கிலோ முடியாது. பொங்கலுக்கு ஒரு சாண் உயரத்தில் சாக்லேட் பானை, மாசி மகத்துக்குச் சின்னத் தோணி என்று வாசலில் வைத்துப் பாருங்கள். பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்காத அப்பா இல்லை.

ஏழாம் படி: செய்யக் கூடாதவை

பிள்ளைகளை அழவைத்துப் பெற்றோரிடம் காசு வாங்கும் விளம்பரத்தை நான் வெறுக்கிறேன். மூன்று வயதுக் குழந்தையின் கண் உயரத்தில், கல்லாவுக்குப் பக்கத்தில் மிட்டாயை அடுக்குவது தற்செயலாக நடப்பதில்லை. பில் போட நிற்கும் இரண்டு நிமிடத்தில் குழந்தை கேட்கும், அழும், அம்மா கூட்டத்துக்கு வெட்கப்பட்டு வாங்குவார். வேலை செய்யும் உத்திதான். ஆனால் அந்த அம்மா நம் கடைக்குக் குழந்தையோடு வரத் தயங்க ஆரம்பிப்பார். எங்கள் கடையில் கீழ்த்தட்டில் காலிப் பெட்டிகள்தான் இருக்கின்றன. சில்லறைக்குப் பதில் மிட்டாய் திணிப்பதும் இதே வகை. அவருடைய காசை அவரிடமே கொடுங்கள்.

பள்ளிக்கூடம் பக்கம் நோட்டீஸ் கொடுக்கப் போகாதீர்கள். சர்க்கரையும் கொழுப்பும் உப்பும் அதிகமுள்ள பண்டங்களைப் பள்ளி வளாகத்திலோ வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளோ விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்று 2020ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.

அப்புறம் 'சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்' என்ற வரி. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி போட்டு இனிப்பு செய்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் இதை எழுதுகிறார்கள். கருப்பட்டியும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். வெல்லம் போட்டுவிட்டு 'சர்க்கரை சேர்க்காதது' என்பதும் தவறு. 'சுகர் ஃப்ரீ' என்று போட வேண்டுமானால் 100 கிராமில் சர்க்கரைச் சத்து அரை கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அபராதத்தை விடுங்கள், உங்கள் நோட்டீஸை நம்பி ஒரு பெரியவர் தினமும் நாலு கருப்பட்டி மிட்டாய் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாலே கை நடுங்குகிறது. 'கருப்பட்டியில் செய்தது' என்று எழுதுங்கள். அந்த மணம் பிடித்தவர் வாங்குவார்.

எட்டாம் படி: தவறு நடந்துவிட்டால்

2003இல் மகாராஷ்டிராவில் டெய்ரி மில்க்கில் புழு இருந்ததாகப் புகார் கிளம்பி, நாடு முழுக்க விற்பனை விழுந்தது. அந்த நிறுவனம் காற்றுப் புகாத புது உறையைக் கொண்டுவந்தது, 2004இல் அமிதாப் பச்சனை வைத்து விளம்பரம் செய்தது. பெரிய நடிகரைத்தான் பலர் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த உறைதான் பாடம். பொருளில் மாற்றம் செய்த பிறகுதான் பேச வாய் வந்தது.

எனக்கும் ஒரு கல்யாண ஆர்டரில் சாக்லேட் மேல் வெள்ளை படர்ந்துவிட்டது. வேனில் சூடேறி மறுபடி குளிர்ந்ததில் கொழுப்பு மேலே வந்திருந்தது. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் பூஞ்சை மாதிரித் தெரியும், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண்ணின் அப்பா தலை குனிய வேண்டியதாயிற்று. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், மறுவீட்டுக்குப் புதிதாகச் செய்து நானே கொண்டுபோனேன். அன்றிலிருந்து ஐஸ் பெட்டியில் வைத்து அதிகாலையில்தான் அனுப்புகிறேன், 'மதியம் 12 மணிக்குள் கொடுத்துவிடுங்கள்' என்று பெட்டி மேலேயே அச்சிட்டிருக்கிறேன். அந்த வீட்டிலிருந்து இதுவரை மூன்று ஆர்டர் வந்திருக்கிறது.

கடைசியாக ஒரு பழக்கம். கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வையுங்கள். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?" என்று கேட்டு, பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் படித்து, எந்த விளம்பரத்துக்குப் பணம் போடுவது, எதை நிறுத்துவது என்று அதைப் பார்த்து முடிவெடுங்கள். என் நோட்டில் ரீல்ஸ் பார்த்து வந்தவர்கள் இருக்கிறார்கள், கூகுள் மேப் பார்த்து வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் வருவது, "ஒரு வூட்டுல குடுத்தாங்க, சாப்ட்டோம்."